ஆன்லைன்ல ஆர்டினேஷன் சர்டிபிகேட் வாங்கினா கல்யாணம் நடத்தி வைக்கலாமா?

விளவங்கோட்டான் | திங்கள், இரவு 9.40

வணக்கம். குடும்ப விஷயமாக்கும், ஆனா ஊருல இன்னும் நாலு பேருக்கு உதவும்னு பொதுவுல கேக்கேன்.

எனக்க சித்தப்பா மகன் மார்த்தாண்டம் பக்கத்துல வெல்டிங் பட்டறை வச்சிருக்கான். வெள்ளிக்கிழமை ராத்திரியும் ஞாயித்துக்கிழமையும் வீட்டு மொட்டமாடியில ஷீட்டு போட்டு ஜெபக்கூட்டம் நடத்துவான். இருபது முப்பது பேரு வருவாவ. பைசா பிரிக்கிற சோலி கிடையாது, நல்ல பயலாக்கும்.

இப்ப ஒரு 'இன்டர்நேஷனல் கவுன்சில்' வாட்ஸ்அப்ல பிடிச்சிருக்கு. 18,000 ரூபா கட்டினா ஆர்டினேஷன் சர்டிபிகேட் (போதகரா அபிஷேகம் பண்ணினதுக்கு சான்று), ஐடி கார்டு, வண்டிக்கு ஸ்டிக்கர். கூட 25,000 போட்டா கௌரவ டாக்டர் பட்டம், சென்னை ஹோட்டல்ல வச்சு கவுனும் தொப்பியும் போட்டு குடுப்பாவளாம். மாதிரி கார்டு அனுப்பியிருக்காவ. அதுல சிங்க முத்திரை இருக்கு, கீழ 'இந்திய அரசில் பதிவு பெற்றது'ன்னு எழுதியிருக்கு.

கூட்டத்துக்கு வாற ஒரு பிள்ளைக்கு வைகாசியில கல்யாணம். 'பாஸ்டரே, நீங்களே நடத்தி வையுங்க'ன்னு அந்த வீட்டுக்காரங்க கேட்டதுலதான் இவனுக்கு இந்த ஆசை வந்திருக்கு. இந்த பேப்பர் இருந்தா நடத்தலாமா? பிறகு ரிஜிஸ்டர் ஆகுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய எழுத்தர் | திங்கள், இரவு 10.15

சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 'இந்திய அரசில் பதிவு பெற்றது' என்ற வரியைப் பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வரியை நம்பித்தான் பாதிப் பேர் பணம் கட்டுகிறார்கள்.

பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். யாரோ இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு டிரஸ்ட் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருப்பார்கள், அல்லது 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் ஒரு சங்கம் தொடங்கியிருப்பார்கள். டிரஸ்ட் பத்திரம் வந்தால் முத்திரைத் தீர்வை சரியா, சாட்சிகள் வந்திருக்கிறார்களா, அடையாள அட்டை இருக்கிறதா, கட்டணம் கட்டியாயிற்றா என்று பார்ப்போம். 'நீங்கள் யாருக்குக் கை வைத்துப் போதகர் பட்டம் கொடுப்பீர்கள்' என்று எந்தப் பதிவாளரும் கேட்க மாட்டார், கேட்கவும் அவருக்கு வேலை இல்லை. பதிவானது அந்தப் பத்திரம். அவர்கள் பிறகு அச்சடிக்கிற சான்றிதழ் அல்ல.

சிங்க முத்திரை இன்னும் மோசம். தேசியச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 2005இல் தனிச் சட்டமே வந்தது, இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. கார்டை அச்சடித்தவர் சென்னையில் இருப்பார், அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மார்த்தாண்டத்தில் நிற்பவர் உங்கள் தம்பி. அந்தக் கார்டை வாங்கவே வேண்டாம்.

குலசேகரம் ரப்பர் | திங்கள், இரவு 10.52

பேதுருவுக்கு எந்த பிஷப்பு சர்டிபிகேட் குடுத்தாரு? மீன்பிடிச்சவங்களத்தானே கூப்பிட்டாரு? மயிலாடிக்கு 1806ல வந்த மிஷனரி ரிங்கல்தௌபே 1816ல ஊர விட்டுப் போகும்போது சபைகள வேதமாணிக்கத்துட்ட ஒப்படைச்சிட்டுப் போனாரு. அதுக்கு எந்த யூனிவர்சிட்டி சீல் இருந்தது? இந்த மாவட்டத்துல சபை வளர்ந்ததே பேப்பர் இல்லாத ஆட்களாலயாக்கும். தம்பி 18,000மும் கட்டாண்டாம், இங்க யாருக்கிட்டயும் அனுமதியும் கேக்காண்டாம். ஊழியம் செய்யட்டும்.

நெய்யூர் மருமகள் | செவ்வாய், காலை 6.20

ரப்பர் அண்ணே, வேதமாணிக்கம் கதையை நீங்க பாதியில நிறுத்திட்டீங்க. ஒப்படைச்சவரு பத்து வருஷம் கூட இருந்து அவர பார்த்தவரு. ஏத்துக்கிட்ட சபையும் அவர வீட்டு ஆளா அறிஞ்ச சபை. வாட்ஸ்அப்ல போட்டோவும் ஜிபேயும் அனுப்பினா வர்ற பட்டத்துக்கு அத உதாரணமா காட்டாதீங்க.

வேதத்துலயும் பேப்பர் உண்டு அண்ணே. அப்பொல்லோ அகாயாவுக்குப் போகும்போது எபேசுல இருந்த சகோதரர்கள் கடிதம் எழுதிக் குடுத்து அனுப்பினாங்க, அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரம். பெபேயாளுக்கு பவுலே சிபாரிசு எழுதினாரு, ரோமர் 16. எழுதினவரு பேரும் தெரியும், யாரப் பத்தி எழுதினாருன்னும் தெரியும்.

எங்க மாமனாரு சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபையில ஆயரா (போதகரா) இருந்து ஓய்வானவரு. அவங்க காலத்து நடைமுறைய சொல்றேன். முதல்ல சேகரத்துல (ஒரு ஆயருக்குக் கீழ உள்ள சபை வட்டாரம்) சபை ஊழியரா வேல பார்க்கணும். டயோசிஸ் (பிஷப்புக்குக் கீழ உள்ள பேராயம்) தேர்வு பண்ணி செமினரிக்கு, அதாவது இறையியல் கல்லூரிக்கு அனுப்பும், மதுரை அரசரடியோ திருவனந்தபுரம் கண்ணம்மூலையோ. பி.டி.ங்கிற இறையியல் பட்டம் முடிச்சு வந்து மறுபடியும் ஊழியம். பிறகு டீக்கன் அபிஷேகம், அதுக்கும் பிறகுதான் ஆயர் அபிஷேகம். பிஷப் கையெழுத்தும் முத்திரையும் போட்ட அந்த சர்டிபிகேட் எங்க வீட்டுல பீரோவுக்குள்ள கிடக்கு. சேகர கமிட்டி ஒருநாளும் அத கேட்டதே இல்ல. அவங்க பார்த்தது இடமாற்ற உத்தரவு. அது இல்லாம எந்த ஆயரும் அந்தப் பீடத்துல ஏற முடியாது.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். அவங்க ஆயரா இருந்த இடத்துல எல்லாம் பெண்கள் ஐக்கியம், ஓய்வுநாள் பள்ளி, வியாதியஸ்தர் வீடு எல்லாம் எங்க மாமியாருதான் பார்த்தாங்க. அவங்க பேருல ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. சால்வேஷன் ஆர்மியில புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் கமிஷன், அதாவது ஊழியப் பட்டம் உண்டு, அத பார்த்து மாமியாரு பொறாமைப்பட்டது எனக்குத் தெரியும்.

முட்டம் கரை | செவ்வாய், காலை 7.05

எங்க கத்தோலிக்கர் பக்கம் இந்தப் பிரச்சினை வேற மாதிரி. ஒரு புது சாமியார் வந்து பூசை வைக்கணும்னா பங்குத்தந்தை அவர்ட்ட செலிபிரெட் கேக்கலாம். அது அவருக்க ஆயரோ (எங்க பக்கம் பிஷப்பத்தான் ஆயர்னு சொல்லுவோம்) சபைத் தலைவரோ குடுக்கிற கடிதம், ஒரு வருஷத்துக்குள்ள எழுதினதா இருக்கணும்னு திருச்சபைச் சட்டத்துலயே இருக்கு. அதாவது குருப்பட்டம் வாங்கினது முப்பது வருஷத்துக்கு முந்தின்னாலும், 'இவரு இப்பவும் எங்க ஆளுதான், தடை ஒண்ணும் இல்ல'ங்கிறதுக்கு புதுக் கடிதம் வேணும்.

குருப்பட்டம் குடுத்த விவரம் மேற்றிராசன அலுவலகப் பதிவேட்டுல ஏறும். அவரு ஞானஸ்நானம் வாங்கின பங்குக்கும் தகவல் போகும், அங்க ஞானஸ்நானப் புத்தகத்துல அவருக்க பேருக்கு நேரா குறிச்சு வைப்பாங்க. சர்டிபிகேட் கடல்ல போனாலும் பங்குல போய் புத்தகத்த புரட்டினா ஆளு யாருன்னு தெரிஞ்சிரும்.

விளவங்கோட்டான் | செவ்வாய், காலை 8.30

அக்கா சொன்னதும் முட்டம் அண்ணாச்சி சொன்னதும் புரியுது. ஆனா தம்பி சிஎஸ்ஐயும் இல்ல, கத்தோலிக்கமும் இல்ல. தனி சபை. அவனுக்கு பிஷப்பு யாரு? அவன மாதிரி ஆட்களுக்கு என்ன வழி? கல்யாணத்துக்கு சட்டம் என்ன சொல்லுது?

தக்கலை வக்கீல் | செவ்வாய், பகல் 1.45

கல்யாணத்துக்கு வருவோம். எல்லோரும் மேற்கோள் காட்டுவது 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம். அதன் 5ஆம் பிரிவில் யார் யார் நடத்தி வைக்கலாம் என்று இருக்கிறது. பேராயர் (பிஷப்) மூலம் அபிஷேகம் பெற்றவர் தன் சபை முறைப்படி நடத்தலாம். ஸ்காட்லாந்து சபைக் குருமார் நடத்தலாம். மற்ற போதகர்கள் மாநில அரசிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். இவை தவிர, திருமணப் பதிவாளரும் உண்டு, இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் திருமணச் சான்று வழங்க உரிமம் பெற்றவரும் உண்டு. போதகருக்கான உரிமம் அரசிதழில் அறிவிப்பாக வரும், அதே வழியில் ரத்தும் ஆகும். கொடுப்பது மாநில அரசு. ஒரு டிரஸ்டோ, கவுன்சிலோ, அமெரிக்க வெப்சைட்டோ அந்த உரிமத்தைக் கொடுக்க முடியாது. அதிகாரம் இல்லாமல் திருமணம் நடத்தி வைப்பவருக்கு 68ஆம் பிரிவில் பத்து ஆண்டு வரை தண்டனை சொல்லியிருக்கிறது.

இனி நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல். அந்தச் சட்டத்தின் முதல் பிரிவை எடுத்துப் படியுங்கள். 1956 நவம்பர் 1க்கு உடனடியாக முன்பு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த பகுதிகள் நீங்கலாக என்று இருக்கும். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் அந்தத் தேதியில்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. வாரிசுரிமையிலும் இதே வால் நீண்டு கிடந்தது. 1092ஆம் ஆண்டு (கொல்லம் ஆண்டு, அதாவது 1916) திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் இங்கே செல்லுமா செல்லாதா என்று வருஷக்கணக்கில் வழக்கு நடந்து, 1986இல் மேரி ராய் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் முடிவு கட்டியது. ஆகவே சென்னையில் அச்சடித்த லெட்டர்பேடில் '1872 சட்டப்படி திருமணம் நடத்த அதிகாரம் பெற்றவர்' என்று கண்டால், மாநிலத் திருத்தங்களையும் சேர்த்து வைத்துப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். முதல் பிரிவை மட்டும் படித்துவிட்டு 'இங்கே சட்டமே இல்லை, யாரும் நடத்தலாம்' என்று கிளம்புவதும் ஆபத்து. அப்படிச் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

பதிவு தனி விஷயம். 2009ஆம் ஆண்டு தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டப்படி எந்த மதமானாலும் பதிவு கட்டாயம். 90 நாளுக்குள் செய்ய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை. இங்கே திருமணம் நடந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள், சபை கொடுக்கும் திருமணச் சான்று அங்கேதான் வேலைக்கு வரும்.

அந்தப் பிள்ளைக்கு நான் சொல்வது இது. சந்தேகமே வேண்டாம் என்றால் 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தில் போங்கள். முப்பது நாள் அறிவிப்பு, மூன்று சாட்சி, திருமண அலுவலர் முன் கையெழுத்து. அது முடிந்த பிறகு தம்பி மாடியில் ஜெபம் பண்ணி ஆசீர்வதிக்கட்டும், எந்தச் சட்டமும் தடுக்காது. வைகாசி என்றால் இப்போதே அறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

பழைய எழுத்தர் | செவ்வாய், பகல் 2.30

வக்கீல் சார் சொன்னதோடு ஒன்று. பெண்ணும் மாப்பிள்ளையும் முன்பு எந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றார்களோ அங்கே போய்க் கேட்டுப் பார்க்கலாம். பல குடும்பங்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போனாலும் சபைப் பெயர் வெட்டியிருக்க மாட்டார்கள். மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்து அங்கேயே திருமணம் நடத்திக்கொண்டால் காகிதம் சுத்தமாக இருக்கும்.

டல்லாஸ் குமரியான் | செவ்வாய், இரவு 8.10

வக்கீல் சார் அமெரிக்க வெப்சைட்னு சொன்னதால சொல்றேன். இங்க யூனிவர்சல் லைஃப் சர்ச்னு ஒண்ணு. கலிபோர்னியா மொடெஸ்டோவுல கிர்பி ஹென்ஸ்லிங்கிறவரு ஆரம்பிச்சது. ஒரு காலத்துல தபால்ல, இப்ப ஆன்லைன்ல, கேட்டவங்களுக்கு எல்லாம் ஆர்டினேஷன். என்ன விசுவாசம்னு கேக்கவே மாட்டாங்க. இங்க நண்பனோட கல்யாணத்த நண்பனே நடத்தி வைக்கிற பழக்கம் இருக்கு, அதுக்குத்தான் ஜனங்க எடுக்கிறாங்க. அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேற, சில இடத்துல கோர்ட் வரைக்கும் போயிருக்கு. டெக்சாஸ்ல எடுபடுறது திங்கள்சந்தையில எடுபடும்னு நினைக்கிறதுல அர்த்தமே இல்ல.

இன்னொரு ஆசையும் காட்டியிருப்பாங்களே? 'இந்த சர்டிபிகேட் வச்சு அமெரிக்கா விசா'ன்னு? எங்க தமிழ் சபைக்கு ஊருல இருந்து ஒரு பாஸ்டர கூப்பிட்டப்ப ஆர்-1ங்கிற சமய ஊழியர் விசா வேலை நானும் பார்த்தேன். கூப்பிடுற சபை லாப நோக்கம் இல்லாத உண்மையான சமய அமைப்புன்னு நிரூபிக்கணும். வர்றவரு குறைஞ்சது ரெண்டு வருஷமா அதே சபைப் பிரிவுல உறுப்பினரா இருந்திருக்கணும். வாரத்துக்கு சராசரி 20 மணி நேரமாவது வேலை இருக்கணும். முதல்ல முப்பது மாசம் வரைக்கும் குடுப்பாங்க, மொத்தம் அஞ்சு வருஷத்துக்கு மேல இல்ல. ஆர்டினேஷன் சர்டிபிகேட்டும் கேப்பாங்க, ஆனா கூடவே அந்தப் பிரிவுல ஆர்டினேஷனுக்கு என்ன தகுதி, இவரு எங்க படிச்சாருன்னும் கேப்பாங்க. போன மாசம் பணம் கட்டி வாங்கின காகிதம் அங்க நிக்காது. அப்போஸ்டில் (வெளிநாட்டுல காட்டுற பேப்பருக்கு அரசு போடுற சான்று முத்திரை) குத்தி தர்றோம்னு ஏஜென்ட் சொன்னா மயங்காதீங்க. அது கையெழுத்தும் முத்திரையும் யாருடையதுன்னு சொல்லும், உள்ள எழுதினது உண்மையான்னு சொல்லாது.

குலசேகரம் ரப்பர் | செவ்வாய், இரவு 9.00

எல்லாரும் பெரிய சபைக்காரங்களா சேர்ந்து சின்ன ஆட்கள அடிக்கிறீங்க. சிஎஸ்ஐயில எலெக்‌ஷன் கேஸ் நடக்காத வருஷம் உண்டா? அங்க பி.டி. படிச்ச ஆயர்மாரு கோர்ட்டுக்கும் டயோசிஸுக்கும் நடக்கது தெரியாதா? சர்டிபிகேட் இருந்தா ஆளு நல்லவனாயிருவானா?

நெய்யூர் மருமகள் | செவ்வாய், இரவு 9.25

ஆக மாட்டாங்க அண்ணே, அதுல உங்களோட எனக்கு சண்டையே இல்ல. கேஸ் நடக்குதுன்னா கேஸ் போட ஒரு இடம் இருக்குன்னு அர்த்தம். பெரிய சபைன்னு நான் பேசல. எங்க தென் திருவிதாங்கூர் சபையே லண்டன் மிஷன் வழியில வந்தது, பிஷப்பே கிடையாது. 1947 செப்டம்பர் 27ல சிஎஸ்ஐ உண்டானப்ப, பிஷப் கை வைக்காம போதகரானவங்கள மறுபடியும் அபிஷேகம் பண்ணாமலே ஆயர்களா ஏத்துக்கிட்டாங்க. அந்த சபைகள் அவங்கள அறிஞ்சிருந்தது, பதிவேடு இருந்தது. அதனால பிஷப் இல்லாத ஆர்டினேஷன் பொய்னு இந்த ஊருக்காரி நான் சொல்ல முடியாது.

பெந்தெகொஸ்தே ஊழியன் | புதன், காலை 5.50

விளவங்கோட்டான் பிரதர் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் நேரா பதில் சொல்லல. தனி சபைக்காரனுக்கு வழி என்ன? நானும் தனியா தொடங்கினவன்தான், அதனால சொல்றேன்.

எங்க ஐக்கியத்துல புதுசா ஒருத்தர் வந்தா முதல்ல ஒரு மூத்த பாஸ்டருக்குக் கீழ உதவி ஊழியரா வைப்போம். வேதப்பள்ளி படிச்சிருந்தா நல்லது, படிக்கலேன்னா அனுப்புவோம். அந்த சபை ஜனங்கள்ட்ட, பக்கத்து சபை பாஸ்டர்ட்ட, அவருக்க பெஞ்சாதிட்ட கூட விசாரிப்போம். பைசா விஷயத்துல எப்படி, கடன் உண்டா, வீட்டுல சண்டை உண்டா. பிறகு மூத்தவங்க நாலஞ்சு பேரு சபைக்கு முன்னால நிறுத்தி கை வச்சு ஜெபம் பண்ணுவோம். சர்டிபிகேட்டும் குடுப்போம், வருஷா வருஷம் கார்டு புதுப்பிப்போம். ஒருத்தரு தப்பு பண்ணினா கார்ட திரும்ப வாங்குவோம், வாங்கியும் இருக்கோம். அது நடந்த பிறகு எங்க மேல ஒரு வருஷம் அவதூறு வந்தது, அது வேற கதை.

தம்பிட்ட ஒண்ணு கேக்க சொல்லுங்க. அந்தக் கவுன்சில்ல ஃபோன எடுத்து, 'நான் நாளைக்கு ஒரு விதவையோட பைசாவ எடுத்துட்டேன்னு யாராவது புகார் குடுத்தா நீங்க என்ன செய்வீங்க, யாரு விசாரிக்க வருவாங்க'ன்னு கேக்கட்டும்.

டாக்டர் பட்டம் பத்தி நான் பேசினா கோவம் வந்துரும். யாராவது எழுதுங்க.

தக்கலை வக்கீல் | புதன், காலை 10.20

நான் எழுதுகிறேன். 1956ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி இந்தியாவில் பட்டம் வழங்கும் உரிமை, சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகங்களுக்கும் அதற்கென அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும்தான். டிரஸ்ட் ஆரம்பித்து 'யூனிவர்சிட்டி' என்று பெயர் வைப்பதே 23ஆம் பிரிவில் குற்றம். போலிப் பல்கலைக்கழகப் பட்டியலை மானியக் குழுவே வெளியிடுகிறது.

இறையியலில் வங்காளத்துச் செராம்பூர் கல்லூரிக்குத் தனி இடம். 1827இல் டென்மார்க் அரசர் சாசனம் கொடுத்தார், 1918இல் வங்காளச் சட்டசபை தனிச் சட்டம் போட்டது. நெய்யூர் அம்மா சொன்ன அரசரடியும் கண்ணம்மூலையும் செராம்பூரோடு இணைந்தவைதான். நாகர்கோவிலிலேயே ஐஇஎல்சி லூத்தரன் சபையின் கன்கார்டியா செமினரி இருக்கிறது. ஏடிஏ என்ற ஆசிய இறையியல் கழக அங்கீகாரமும் பல வேதக் கல்லூரிகளுக்கு உண்டு. அது சபைகளுக்கிடையே மதிப்புள்ள அங்கீகாரம், அரசு அங்கீகாரம் என்று யாராவது சொன்னால் அது மட்டும் பொய். முறையாகப் படிக்க ஆசை இருந்தால் தம்பிக்கு இத்தனை வாசல் திறந்திருக்கிறது.

விளவங்கோட்டான் | வியாழன், இரவு 9.15

தம்பிட்ட எல்லாத்தையும் வாசிச்சு காட்டினேன். ஊழியன் பிரதர் சொன்னபடி அவனே ஸ்பீக்கர்ல போட்டு கேட்டான். அந்தப் பக்கம் ஒரு பொம்பளப் பிள்ள. 'புகாரெல்லாம் நாங்க பாக்கமாட்டோம் பாஸ்டர், சர்டிபிகேட் லைஃப் டைம் வேலிடிட்டி'ன்னு சொல்லிச்சு. பிறகு 'இந்த மாசம் கட்டினா 15,000 போதும்'னுச்சு. தம்பி ஒண்ணும் பேசாம போன வச்சான்.

கல்யாணத்துக்கு பிள்ளைக்க வீட்டுக்காரங்கட்ட பேசினோம். அவங்களுக்கு இன்னும் பழைய சிஎஸ்ஐ சபையில பேரு இருக்கு, சந்தாதான் ரெண்டு வருஷம் பாக்கி. கட்டிட்டு ஓலை வாசிக்கக் குடுக்கப் போறாவ. ஆயரு நல்லவரு, முடிவுல ஜெபம் பண்ண தம்பியையும் கூப்பிடலாம்னு சொல்லியிருக்காரு.

இன்னொரு கேள்வி. சர்டிபிகேட் இருந்தா மாடியில நடக்கிற கூட்டத்த சர்ச்சா மாத்தலாம்னும் அந்தக் கவுன்சில் சொல்லிச்சு. அதுல ஏதாவது உண்மை உண்டா?

தக்கலை வக்கீல் | வியாழன், இரவு 10.05

இல்லை. போதகருக்கு என்ன பட்டம் இருந்தாலும் கட்டடத்துக்கு அது உதவாது. ஊராட்சிப் பகுதி என்றால் கட்டட விதிகளின்படி பொது வழிபாட்டுக்கான கட்டடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். 1982 மண்டைக்காட்டுக் கலவரத்துக்குப் பிறகு நம் மாவட்டத்தில் அதிகாரிகள் இதில் கூடுதல் கவனமாக இருப்பார்கள். வீட்டில் குடும்பமும் நண்பர்களும் ஜெபிப்பது வேறு, போர்டு வைத்து மைக் கட்டுவது வேறு. போர்டு மாட்டும் முன் ஒரு தடவை நேரில் வரச் சொல்லுங்கள், ஃபீஸ் வேண்டாம்.

பெந்தெகொஸ்தே ஊழியன் | வெள்ளி, காலை 6.00

தம்பிய ஞாயிறு சாயங்காலம் குழித்துறைக்கு வரச் சொல்லுங்க பிரதர். எங்க மூத்த பாஸ்டரு இருப்பாரு. உடனே ஒண்ணும் குடுக்கமாட்டோம், முதல்ல சொல்லிடுறேன். கொஞ்ச காலம் கூட நிக்கட்டும்.

சேகர உபதேசியார் | வெள்ளி, காலை 7.40

இழைய முழுசா படிச்சேன். கேள்வி கொஞ்சம் வேற, மன்னிக்கணும். உபதேசியார்களுக்கும் சர்ச் பணியாளர்களுக்கும் அரசு நல வாரியம் வந்திருக்கே, அதுக்கு நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்ல சிறுபான்மையினர் நல அலுவலகத்துல ஃபாரம் வாங்கினேன். சபையில இருந்து பணிச்சான்று கேக்காவ. எனக்கு அபிஷேகமும் இல்ல, ஆர்டரும் இல்ல, கமிட்டி தீர்மானப் புத்தகத்துல மட்டும்தான் பேரு இருக்கு. அந்தத் தீர்மான நகல்ல ஆயர் கையெழுத்து போட்டா எடுப்பாவளா, இல்ல டயோசிஸ் ஆபீஸ் வரைக்கும் போகணுமா? யாராவது ஏற்கெனவே குடுத்தவங்க இருந்தா சொல்லுங்க.

பழைய எழுத்தர் | வெள்ளி, காலை 8.05

தீர்மான நகல், ஆயர் கடிதம் இரண்டையும் கொண்டுபோய் முதலில் அந்த அலுவலகத்திலேயே காட்டுங்கள் உபதேசியாரே. கடிதத்தில் எந்தத் தேதியிலிருந்து வேலை பார்க்கிறீர்கள் என்று கட்டாயம் எழுதச் சொல்லுங்கள், சபை முத்திரை தெளிவாக விழட்டும். திங்கட்கிழமை போகாதீர்கள், மக்கள் குறைதீர்க்கும் நாள், உட்கார இடம் கிடைக்காது.